வாட்டர்லூவுக்குப் பிறகு பிரிட்டனும் பிரான்ஸும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிக்கூட வரலாற்றில் இந்த இரண்டு நாடுகளையும் இரண்டு தடவை பார்க்கிறோம். 1815இல் வாட்டர்லூ களத்தில் எதிரெதிராக. 1914இல் ஒரே பக்கத்தில், ஜெர்மனிக்கு எதிராக. இடைப்பட்ட 99 வருடங்களைப் பாடம் தாண்டிப் போய்விடுவதால், நடுவில் எப்போதோ நண்பர்களாகிவிட்டார்கள் போலிருக்கிறது என்று நாமே நினைத்துக்கொள்கிறோம். அப்படியெல்லாம் இல்லை. பங்காளி வீட்டுத் தகராறு மாதிரிதான் போனது. வரப்பு, வாய்க்கால், கல்யாணம் என்று எதை எடுத்தாலும் சண்டை. ஆனால் அரிவாளை மட்டும் யாரும் எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்பதைச் சுற்றித்தான் கீழே உள்ள கேள்விகள் எல்லாம் வருகின்றன.

1815க்குப் பிறகு இவர்களுக்குள் போரே வரவில்லையா?

19ஆம் நூற்றாண்டு முடியும்வரை வரவில்லை. முந்தைய கணக்கைப் பார்த்தால்தான் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். 1689 முதல் 1815 வரையிலான 126 வருடங்களில் ஏறக்குறையப் பாதிக் காலம் இருவரும் போரில்தான் இருந்தார்கள். அந்தச் சண்டை நம் ஊர் வரை வந்தது. ஆற்காடும் வந்தவாசியும் புதுச்சேரியும் அதில் பட்ட பாடு தெரிந்ததே. 1815 ஜூன் 18க்குப் பிறகு அது நின்றது. (1940இல் பிரான்ஸ் ஜெர்மனியிடம் விழுந்தபின், அல்ஜீரியக் கரையில் நின்ற பிரெஞ்சுப் போர்க்கப்பல்களைப் பிரிட்டிஷ் கடற்படை சுட்டது. அது வேறு கதை.)

போர் வரவில்லையே தவிர, வரப்போகிறது என்ற பேச்சு ஓயவே இல்லை. 1840, 1844, 1859, 1893, 1898 என்று ஒவ்வொரு தலைமுறையும் ஒரு தடவையாவது பயந்திருக்கிறது.

தோற்ற நாடான பிரான்ஸை வியன்னா மாநாட்டில் எப்படி உள்ளே விட்டார்கள்?

விட நினைக்கவில்லை. 1814இல் நெப்போலியன் முதல் தடவை தோற்று எல்பா தீவுக்கு அனுப்பப்பட்டபின், ஐரோப்பாவின் எல்லைகளைப் பேசி முடிக்க அந்த இலையுதிர்காலத்தில் வியன்னாவில் கூடிய பிரிட்டன், ஆஸ்திரியா, ரஷ்யா, பிரஷ்யா நால்வரும், முக்கியமானதைத் தங்களுக்குள் முடித்துவிட்டு மற்றவர்களைக் கூப்பிடலாம் என்றுதான் இருந்தார்கள். பிரான்ஸ் சார்பில் வந்தவர் தலேரான். புரட்சி அரசு, நெப்போலியன், திரும்பி வந்த மன்னர் என்று எல்லோரிடமும் வேலை பார்த்துத் தப்பித்த மனிதர். கையில் படை இல்லை, பேரம் பேசப் பணமும் இல்லை. அவர் செய்தது ஒன்றுதான்: ஓரமாக உட்கார வைக்கப்பட்ட சின்ன நாடுகளின் பக்கம் போய் நின்றுகொண்டு, முறைமையைப் பற்றிக் கேள்வி கேட்டார். ஆவணத்தில் “நேச நாடுகள்” என்று போட்டிருந்ததைக்கூட விடவில்லை. போர்தான் முடிந்துவிட்டதே, இனி யாருக்கு எதிராக நேசம் என்று கேட்டார்.

வாய்ச்சாமர்த்தியம் மட்டும் போதாது. நால்வருக்குள் பிளவு வந்தது அவருக்கு வசதியாகப் போயிற்று. ரஷ்யா போலந்தை விழுங்கப் பார்த்தது. பிரஷ்யா சாக்சனியை முழுசாகக் கேட்டது. வெளியுறவு அமைச்சர்களான பிரிட்டனின் காஸில்ரேயும் ஆஸ்திரியாவின் மெட்டர்னிக்கும் இதைத் தடுக்க இன்னொரு கை தேடினார்கள். 1815 ஜனவரி 3ஆம் தேதி பிரிட்டன், ஆஸ்திரியா, பிரான்ஸ் மூன்றும் ஒரு ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. தாக்கப்பட்டால் ஆளுக்கு 1,50,000 வீரர்களைக் களத்தில் இறக்குவது என்பது அதன் சாரம். நெப்போலியனை வீழ்த்தி இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

இதற்கு ஒரு வேடிக்கையான பின்கதை உண்டு. எல்பா தீவிலிருந்து தப்பி நெப்போலியன் பாரிஸுக்குத் திரும்பியபோது, ஓடிப்போன மன்னர் தரப்பு விட்டுச்சென்ற காகிதங்களில் இந்த ஒப்பந்தத்தின் நகல் கிடைத்தது. “உன் கூட்டாளிகளின் லட்சணத்தைப் பார்” என்பது போல அதை ரஷ்யாவின் ஜார் அலெக்சாண்டருக்கு அனுப்பி வைத்தார். ஜார் கோபப்பட்டார், ஆனால் அணியை விட்டு விலகவில்லை.

வாட்டர்லூவுக்குப் பிறகு விதித்த தண்டனை கடுமையாகத்தான் இருந்தது. 70 கோடி பிராங்க் இழப்பீடு, வாட்டர்லூவில் வென்ற பிரிட்டிஷ் தளபதி வெலிங்டன் தலைமையில் 1,50,000 அந்நியப் படையினர் பிரெஞ்சு மண்ணில். ஆனால் ஐந்து வருடம் வரை இருக்கலாம் என்ற படையை மூன்றே வருடத்தில், 1818இல், திரும்ப அழைத்துக்கொண்டார்கள். தோற்றவனை நிரந்தரமாக மூலையில் உட்கார வைக்கவில்லை. அடுத்த சண்டையில் அவன் தேவைப்படலாம் என்று ஒவ்வொருவரும் கணக்குப் போட்டிருந்தார்கள்.

அப்போதுதானே பாண்டிச்சேரியைத் திருப்பிக் கொடுத்தார்கள்? ஏன் கொடுத்தார்கள்?

ஆமாம். 1793இல் பிரிட்டிஷார் பிடித்த ஊர், 1814 பாரிஸ் ஒப்பந்தப்படி பிரான்ஸுக்குத் திரும்பியது. காரைக்கால், மாஹே, ஏனாம், சந்தன்நகர் ஆகியவையும் அப்படியே. இதைப் பெருந்தன்மை என்று எழுதுகிறவர்கள் ஷரத்தைப் படிக்கவில்லை என்று அர்த்தம். அந்த ஊர்களில் கோட்டை கட்டக்கூடாது. ஊர்க்காவலுக்குத் தேவையான அளவுக்கு மேல் படை வைக்கக்கூடாது. பல்லைப் பிடுங்கிவிட்டுத்தான் பாம்பைக் கொடுத்தார்கள்.

எதைத் திருப்பித் தரவில்லை என்று பாருங்கள், புரிந்துவிடும். நல்ல துறைமுகம் கொண்ட மொரீஷியஸைப் பிரிட்டன் வைத்துக்கொண்டது. பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களைக் கொள்ளையடித்த பிரெஞ்சுக் கலங்களுக்கு அதுதான் புகலிடமாக இருந்தது. பக்கத்திலேயே இருந்த, சொல்லிக்கொள்ளும்படியான துறைமுகம் இல்லாத ரீயூனியன் தீவைப் பிரான்ஸுக்குக் கொடுத்துவிட்டது.

அப்புறம் உப்பு. 1815 மார்ச்சில் இன்னொரு உடன்படிக்கை. பிரெஞ்சு ஊர்களில் உற்பத்தியாகும் உப்பில் உள்ளூர்த் தேவை போக மிச்சத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கே விற்க வேண்டும். பதிலுக்குக் கம்பெனி ஆண்டுதோறும் 4 லட்சம் சிக்கா ரூபாய் தரும். தன் உப்பு ஏகபோகத்தில் கடத்தல் ஓட்டை விழக்கூடாது என்று பணம் கொடுத்து அடைத்தார்கள். ஐரோப்பியத் தலைநகரங்களில் பெரிய பெரிய தத்துவம் பேசிய அதே வருடத்தில் நடந்த விஷயம் இது.

தூதர்கள் என்னதான் செய்தார்கள்? விருந்து சாப்பிடுவது மட்டுமா?

விருந்து பெரிய வேலை, சிரிக்காதீர்கள். யார் முன்னால் போவது என்பதற்கே முன்பு ரத்தம் சிந்தியிருக்கிறது. 1661இல் லண்டன் தெருவில் பிரெஞ்சுத் தூதரின் வண்டி முதலில் போவதா, ஸ்பானியத் தூதரின் வண்டி போவதா என்று அடிதடி நடந்து ஆட்கள் செத்தார்கள். வியன்னாவில் 1815இல் இதற்கு ஒரு முடிவு கட்டினார்கள். எந்த நாடு பெரியது என்ற கேள்வியே வேண்டாம். ஒரே தரத்தில் உள்ள தூதர்களில் அந்த ஊருக்கு யார் முதலில் வந்து சேர்ந்தாரோ அவருக்கே முன்னுரிமை. இன்றுவரை உலகம் முழுக்க இதுதான் நடைமுறை.

மொழி பிரெஞ்சு. பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர்களும் அதில் சரளமாகப் பேசியாக வேண்டும். 1851இல் டோவருக்கும் கலேவுக்கும் நடுவே கடலடித் தந்தி வந்த பிறகு, தூதரின் சுதந்திரம் சுருங்கியது. முன்பு அரசிடம் கேட்டுப் பதில் வருவதற்குள் தூதரே நாலு முடிவு எடுத்துவிடலாம். தந்தி வந்ததும் தலைநகரம் காதைப் பிடித்துக்கொண்டது.

பெல்ஜியத்துக்கும் இவர்களுக்கும் என்ன சம்பந்தம்?

என் கணக்கில், இந்த நூற்றாண்டில் இவர்கள் இருவரும் சேர்ந்து செய்த உருப்படியான காரியம் அதுதான். 1815இல் பிரான்ஸுக்குத் தடுப்புச்சுவராக பெல்ஜியத்தை நெதர்லாந்தோடு ஒட்டி வைத்திருந்தார்கள். 1830 ஆகஸ்டில் பிரஸ்ஸல்ஸ் கிளர்ந்தெழுந்து பிய்த்துக்கொண்டது. பிரான்ஸுக்கு நாக்கில் எச்சில் ஊறியது. பிரிட்டனுக்கோ, ஆண்ட்வெர்ப் துறைமுகம் பிரெஞ்சுக் கைக்குப் போவது தொண்டையில் கத்தி வைப்பது மாதிரி.

லண்டனில் மாநாடு கூடியது. பிரான்ஸின் தூதராக வந்தவர் யார் தெரியுமா? அதே தலேரான், 76 வயதில். எதிரில் பிரிட்டனின் புது வெளியுறவு அமைச்சர் பாமர்ஸ்டன். பெல்ஜியர்கள் பிரெஞ்சு மன்னர் லூயி பிலிப்பின் மகனையே தங்கள் அரசராகத் தேர்ந்தெடுத்தார்கள். பிரிட்டன் முறைத்தது, அப்பா “வேண்டாம்” என்று மகன் சார்பில் மறுத்துவிட்டார். பிறகு பிரிட்டனுக்குப் பிடித்த லியோபோல்ட் அரசரானார். விக்டோரியாவுக்குத் தாய்மாமன். அடுத்த வருடமே அவருக்கு லூயி பிலிப் தன் மகளைக் கட்டிக் கொடுத்தார். மகனுக்குக் கிடைக்காத அரண்மனை மகளுக்குக் கிடைத்தது. நம் ஊரில் இதைச் சம்பந்தம் பேசி முடிப்பது என்பார்கள்; கிட்டத்தட்ட அதேதான்.

1839 ஏப்ரலில் கையெழுத்தான லண்டன் ஒப்பந்தம் பெல்ஜியத்தின் நடுநிலைக்கு ஐந்து வல்லரசுகளின் உத்தரவாதம் கொடுத்தது. 1914 ஆகஸ்டில் ஜெர்மனி அதை மீறியபோது பிரிட்டன் போரில் இறங்கக் காட்டிய காரணம் இந்தக் காகிதம்தான்.

1840இல் உண்மையிலேயே போர் வரும்போல் இருந்ததா?

இருந்தது. எகிப்தை ஆண்ட முகமது அலி, பெயருக்குத் தன் எஜமானரான துருக்கி சுல்தானையே தோற்கடித்து சிரியாவைப் பிடித்து வைத்திருந்தார். பிரான்ஸ் அவர் பக்கம். துருக்கி உடைந்தால் ரஷ்யா உள்ளே வரும் என்று பயந்த பிரிட்டன் சுல்தான் பக்கம். 1840 ஜூலை 15இல் பாமர்ஸ்டன் ரஷ்யா, ஆஸ்திரியா, பிரஷ்யாவோடு சேர்ந்து லண்டனில் ஒப்பந்தம் போட்டார். பிரான்ஸிடம் சொல்லவே இல்லை. ஊரில் எல்லோருக்கும் பத்திரிகை வைத்துவிட்டு எதிர்வீட்டுக்கு மட்டும் வைக்காத மாதிரி.

பாரிஸ் கொதித்தது. பிரதமர் தியேர் படை திரட்டினார், பாரிஸைச் சுற்றிக் கோட்டைச் சுவர் எழுப்பும் வேலையைத் தொடங்கினார். பிரிட்டிஷ் கடற்படை சிரியக் கரையில் முகமது அலியின் கோட்டைகளை ஒவ்வொன்றாக உடைத்தது. பிரான்ஸால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அக்டோபரில் லூயி பிலிப் தியேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, சமாதானப் பிரியரான கீஸோவைக் கொண்டுவந்தார். அதோடு சூடு ஆறியது.

இந்தக் களேபரத்தின் நடுவிலேயே இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. செயின்ட் ஹெலெனாவில் புதைத்த நெப்போலியனின் உடலைத் தரும்படி பிரான்ஸ் மே மாதம் கேட்டது, பிரிட்டன் உடனே சம்மதித்தது. இளவரசர் ஜுவான்வீல் கப்பல் கொண்டுபோய் எடுத்து வந்தார். ஒரு பக்கம் போர்ப் பேச்சு. இன்னொரு பக்கம், பிரிட்டனின் பரம விரோதியின் சவப்பெட்டியைப் பிரிட்டிஷ் அதிகாரிகளே மரியாதையோடு தோண்டிக் கொடுக்கிறார்கள். டிசம்பர் 15இல் பாரிஸில் பெரிய ஊர்வலம்.

“நட்புறவு” என்ற சொல் 1904இல்தானே வந்தது?

பிரிட்டனும் பிரான்ஸும் போட்ட நட்புறவு ஒப்பந்தம் 1904. அந்தப் பிரெஞ்சுச் சொல், “ஆந்தாந்த் கோர்தியால்”, அதற்கு அறுபது வருடம் முந்தையது. 1843 செப்டம்பரில் விக்டோரியா கடல் கடந்து நார்மண்டியின் ஈ என்ற ஊரில் லூயி பிலிப்பின் மாளிகையில் தங்கினார். எட்டாம் ஹென்றி பிரெஞ்சு மன்னரைச் சந்தித்ததற்குப் பிறகு ஒரு ஆங்கில அரசர் இப்படிப் போனது அதுவே முதல் தடவை. அந்தக் குளிர்காலத்தில்தான் இரு பக்கமும் இந்தச் சொல் புழக்கத்துக்கு வந்தது.

அடுத்த வருடமே பல்லிளித்தது. பசிபிக்கில் டஹீட்டித் தீவைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள். அங்கே மிஷனரியாகவும் பிரிட்டிஷ் கான்சலாகவும் (தூதரக அதிகாரி) இருந்த பிரிட்சர்ட் என்பவரைச் சிறையில் போட்டு வெளியேற்றினார்கள். யாரும் கேள்விப்படாத தீவு, ஒற்றை ஆள். இரண்டு நாட்டுப் பத்திரிகைகளும் போர் வேண்டும் என்று கூவின. கீஸோ இழப்பீடு தர ஒப்புக்கொண்டு தீர்த்தார். அதற்காக பாரிஸில் அவரைத் துரோகி என்றார்கள்.

1846இல் ஸ்பானியக் கல்யாணம். ஸ்பெயின் அரசி இசபெல்லாவுக்கும் அவர் தங்கைக்கும் மாப்பிள்ளை யார் என்பதில் இரு நாடுகளும் அந்த ஈ மாளிகையில் பேசி வைத்திருந்தன. அரசிக்குக் குழந்தை பிறந்த பிறகே தங்கைக்கு பிரெஞ்சு இளவரசர் என்று பேச்சு. பாமர்ஸ்டன் மீண்டும் பதவிக்கு வந்து வேறு பெயர்களை இழுத்ததும், பிரான்ஸ் அவசரமாக அக்டோபர் 10ஆம் தேதி ஒரே நாளில் இரண்டு கல்யாணத்தையும் முடித்தது. பேச்சு மீறிவிட்டார்கள் என்று விக்டோரியாவுக்கு ஆறாத கோபம்.

ஆனாலும் 1848 பிப்ரவரியில் புரட்சி வெடித்தபோது லூயி பிலிப் ஓடி வந்தது எங்கே? இங்கிலாந்துக்குத்தான். கன்ன மீசையை மழித்துக்கொண்டு, லெ ஹாவ்ரில் இருந்த பிரிட்டிஷ் கான்சலின் உதவியோடு, “மிஸ்டர் ஸ்மித்” என்ற பெயரில் கப்பல் ஏறினார். விக்டோரியா தங்க இடம் கொடுத்தார். 1850இல் அங்கேயே இறந்தார்.

கிரிமியப் போரில் இருவரும் ஒரே பக்கம் நின்றார்களே, அது நட்பு இல்லையா?

பொது எதிரி. 1853இல் ரஷ்யா துருக்கியை நெருக்கியதும் பாமர்ஸ்டனின் பழைய பயமும் பிரான்ஸின் புதுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனின் புகழாசையும் ஒரே திசையில் போயின. பிரிட்டிஷ் தளபதி ராக்லன் வாட்டர்லூவில் ஒரு கையை இழந்தவர். பழக்கதோஷத்தில், பக்கத்தில் பிரெஞ்சு அதிகாரிகளை வைத்துக்கொண்டே எதிரியை “பிரெஞ்சுக்காரர்கள்” என்று சொல்லிவிடுவாராம்.

1855 ஆகஸ்டில் விக்டோரியா பாரிஸில் முதலாம் நெப்போலியனின் கல்லறை முன் போய் நின்றார். அவரைக் கைகொடுத்து அழைத்துப் போனவர் அந்த நெப்போலியனின் தம்பி மகனான மூன்றாம் நெப்போலியன். செப்டம்பரில் செவஸ்தபோல் கோட்டையின் முக்கிய அரணைப் பிரெஞ்சுப் படை பிடித்தது. பிரிட்டிஷார் தங்கள் பக்கத்து அரணில் தோற்றுத் திரும்பினார்கள். அத்தோடு மூன்றாம் நெப்போலியனுக்குப் போதும் என்று ஆனது. பாமர்ஸ்டனுக்கு இன்னும் ஒரு சுற்று வேண்டியிருந்தது, ஆனால் தனியாக முடியாது. 1856 மார்ச்சில் பாரிஸில் சமாதானம்.

1860இல் ஒரே நேரத்தில் கோட்டையும் கட்டி, வணிக ஒப்பந்தமும் போட்டார்களா?

இந்தக் காலத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த வருடம் இது. முதலில் 1858 ஜனவரி: ஒர்சினி என்ற இத்தாலியர் பாரிஸ் ஒப்பேரா வாசலில் மூன்றாம் நெப்போலியன் மீது குண்டு வீசினார். பேரரசர் தப்பினார், எட்டுப் பேர் இறந்தார்கள். குண்டின் கூடு பர்மிங்ஹாமில் செய்தது. சதி தீட்டியது லண்டனில். “உங்கள் ஊரில் கொலைகாரர்களுக்கு அடைக்கலமா?” என்று பாரிஸ் கத்தியது. பாமர்ஸ்டன் அதை ஏற்றுச் சட்டம் கொண்டுவந்தார். பிரெஞ்சுக்காரனுக்குப் பணிவதா என்று நாடாளுமன்றம் அதைத் தோற்கடித்து அவர் அரசையே கவிழ்த்தது.

1859இல் பிரான்ஸ் இரும்புக் கவசம் பூண்ட “குளுவார்” கப்பலை இறக்கியது. பிரிட்டன் அதைவிடப் பெரிய “வாரியர்” கப்பலைக் கட்டி 1860 டிசம்பரில் நீரில் விட்டது. பிரெஞ்சுப் படையெடுப்புக்குப் பயந்து, போர்ட்ஸ்மவுத் துறைமுகத்தைச் சுற்றிக் கோட்டைகளுக்குப் பணம் ஒதுக்கியது. அந்தப் படையெடுப்பு வரவே இல்லை. கோட்டைகள் இன்றும் நிற்கின்றன.

இதே 1860, ஜனவரி 23இல்தான் காப்டன் – செவாலியே வணிக ஒப்பந்தம். பிரிட்டிஷ் அரசியல்வாதி ரிச்சர்ட் காப்டன் ஆரம்பத்தில் அதிகாரப்பூர்வப் பதவி எதுவும் இல்லாமல் பாரிஸுக்குப் போய்ப் பேசினார். பிரிட்டன் பிரெஞ்சு ஒயினுக்கு வரியைக் குறைத்தது, பட்டுக்கு எடுத்தேவிட்டது. பிரான்ஸ் பிரிட்டிஷ் சரக்குகள் மீதிருந்த தடைகளை நீக்கி, வரியை 30 சதவீதத்துக்குள் வைத்தது. பேரரசர் தன் முதலாளிகளிடம் கேட்டிருந்தால் முடியாது என்றிருப்பார்கள். அதனால் கேட்கவில்லை. ரகசியமாகவே முடித்தார்.

அதே வருடம் ஜூலையில் மூன்றாவதாக ஒன்று. அடிமை முறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டத்துக்கு ஆள் இல்லாமல் தவித்த ரீயூனியனுக்கு இந்தியக் கூலிகளைச் சேர்க்க பிரிட்டன் அனுமதித்தது. 1861இல் மார்ட்டினிக், குவாதலூப், பிரெஞ்சு கயானாவுக்கும் அது நீண்டது. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பல் ஏறிய ஆயிரக்கணக்கான தமிழர்களின் கதை இந்தக் காகிதத்தோடு ஒட்டியது. நிலைமையைக் கண்காணிக்க அந்தந்தத் தீவில் பிரிட்டிஷ் கான்சல் இருப்பார் என்று ஷரத்து இருந்தது. கொடுமைகள் பற்றிய புகார் குவிந்து 1882இல்தான் ரீயூனியனுக்கு ஆள் அனுப்புவதைப் பிரிட்டன் நிறுத்தியது. ஐரோப்பிய வரலாற்றுப் புத்தகங்கள் வணிக ஒப்பந்தத்துக்கு அத்தியாயம் ஒதுக்கும். இதற்கு அடிக்குறிப்பு கிடைத்தால் அதிகம்.

கடலடியில் சுரங்கப்பாதை தோண்டப் பார்த்தார்களாமே?

ஆமாம், 1880களின் தொடக்கத்தில். இரு கரையிலிருந்தும் ஒரு மைலுக்கு மேல் தோண்டியும் விட்டார்கள். அந்த ஓட்டை வழியாகப் பிரெஞ்சுப் படை வந்துவிடும் என்று தளபதி வுல்ஸ்லி பயமுறுத்த, பிரிட்டிஷ் அரசு வேலையை நிறுத்தியது. ரயில் ஓட 1994 ஆயிற்று.

எகிப்தில் என்னதான் பிரச்சினை?

சூயஸ் கால்வாய். பிரெஞ்சுக்காரர் லெசெப்ஸ் தோண்டினார். பிரிட்டன் சுல்தானிடம் போய்த் தடுக்கப் பார்த்துத் தோற்றது. 1869இல் திறந்ததும் அதில் அதிகம் போனவை பிரிட்டிஷ் கப்பல்கள்தான். 1875இல் எகிப்தை ஆண்ட கெதிவ் கடனில் மூழ்கித் தன் 1,76,602 பங்குகளை விற்க வந்தபோது, பிரிட்டிஷ் பிரதமர் டிஸ்ரேலி ராத்ஸ்சைல்ட் வங்கியில் 40 லட்சம் பவுன் கடன் வாங்கி அவற்றை வாங்கிப் போட்டார். ஏறக்குறைய 44 சதவீதப் பங்கு.

பிறகு இருவரும் சேர்ந்து எகிப்தின் கணக்குப் புத்தகத்தைக் கட்டுப்படுத்தினார்கள். 1882இல் எகிப்தியப் படைத்தளபதி உராபியின் கிளர்ச்சி வந்தது. பிரிட்டிஷ் கப்பல்கள் அலெக்சாந்திரியாவைச் சுட்டன. பிரெஞ்சுக் கப்பல்கள் முன்பே விலகிப் போய்விட்டன. கால்வாயைக் காக்கப் பணம் கேட்ட தன் பிரதமரைப் பிரெஞ்சு நாடாளுமன்றமே வீழ்த்தியது. செப்டம்பரில் பிரிட்டன் தனியாக எகிப்தைப் பிடித்து, சீக்கிரம் போய்விடுவோம் என்றது. போகவில்லை. வரமாட்டேன் என்று ஒதுங்கிக்கொண்டு, பிறகு வந்தவனைப் பார்த்து 20 வருடம் வயிறெரிந்தது பிரான்ஸ்.

பஷோடா சம்பவம் என்றால் என்ன?

அந்த வயிற்றெரிச்சல் போய் முடிந்த இடம். நைலின் மேல்பகுதியைப் பிடித்தால் எகிப்தில் இருக்கும் பிரிட்டனைப் பேச்சுக்கு இழுக்கலாம் என்று பாரிஸில் ஒரு யோசனை. 1896இல் கேப்டன் மர்ஷான் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் இறங்கினார். ஒரு சில பிரெஞ்சு அதிகாரிகள், நூற்றுச் சொச்சம் ஆப்பிரிக்க வீரர்கள். ஒரு நீராவிப் படகைக் கழற்றிக் காட்டு வழியே சுமையாட்களின் தலையில் தூக்க வைத்தார். இரண்டு வருடம் நடந்து 1898 ஜூலை 10இல் நைல் கரையில் பஷோடா என்ற பாழடைந்த கோட்டையை அடைந்து கொடி ஏற்றினார்.

செப்டம்பர் 2இல் பிரிட்டிஷ் – எகிப்தியப் படை கிச்சனர் தலைமையில் ஓம்துர்மானில் சூடானிய மஹ்தியப் படையை அழித்தது. அடுத்து அவர் பீரங்கிப் படகுகளோடு ஆற்றில் மேலே வந்தார். 19ஆம் தேதி சந்திப்பு. கிச்சனரிடம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்கள்; ஒரு மணி நேரத்தில் மர்ஷானைத் துடைத்துப் போட்டிருக்கலாம். அவர் செய்ததைக் கவனியுங்கள். எகிப்தியப் படையின் சிவப்புக் குல்லாய் அணிந்து வந்தார். பிரிட்டிஷ் கொடிக்குப் பதில் எகிப்தியக் கொடியை ஏற்றினார், அதுவும் பிரெஞ்சுக் கொடியை இறக்காமல், கொஞ்சம் தள்ளி. பிரெஞ்சில் பேசினார். மர்ஷான் சாகும்வரை இடத்தை விடமாட்டேன் என்றார். கிச்சனர் விஸ்கி ஊற்றிக் கொடுத்தார். பின்பு மர்ஷான் ஷாம்பெய்ன் கொடுத்தார். நம் அரசுகள் பேசி முடிக்கட்டும் என்று இருவரும் ஒப்புக்கொண்டார்கள். போகும்போது கிச்சனர் பிரெஞ்சுச் செய்தித்தாள்களை விட்டுச் சென்றார். அதில், செய்யாத உளவுக் குற்றத்துக்காக யூத அதிகாரி ட்ரைஃபஸைச் சிறையில் போட்ட வழக்கால் நாடே இரண்டாகப் பிளந்து கிடக்கும் செய்தி. பல மாதமாகச் செய்தியே அறியாத அதிகாரிகள் அதைப் படித்து உடைந்து போனார்கள். துப்பாக்கியால் செய்ய முடியாததைச் செய்தித்தாள் செய்தது.

லண்டனில் பிரதமர் சாலிஸ்பரி ஒரே வார்த்தையில் நின்றார்: முதலில் காலி செய்யுங்கள், பேச்சு பிறகு. கடற்படை தயாரானது. பாரிஸில் வெளியுறவு அமைச்சர் தெல்காஸே, நைலுக்கு ஒரு சின்ன வழியாவது கிடைக்குமா என்று பார்த்தார், கிடைக்கவில்லை. கூட்டாளி ரஷ்யா கைகொடுக்கவில்லை, கடலில் பிரிட்டனை எதிர்க்க முடியாது, கிழக்கே ஜெர்மனி. நவம்பர் தொடக்கத்தில் பின்வாங்க முடிவானது. டிசம்பர் 11இல் மர்ஷான் புறப்பட்டார். ஆனால் நைல் வழியாக, பிரிட்டிஷ் உபசாரத்தோடு திரும்ப மறுத்து, கிழக்கே எத்தியோப்பியா வழியாக ஜிபுத்தி வரை போய்க் கப்பல் ஏறினார். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை. பாரிஸில் வீரராக வரவேற்றார்கள்.

இவ்வளவு கசப்புக்குப் பிறகு ஆறே வருடத்தில் எப்படி ஒப்பந்தம்?

பஷோடாவில் கிடைத்த அடிதான் தெல்காஸேவுக்குக் கணக்கைத் தெளிவாக்கியது என்று நினைக்கிறேன். எகிப்து போனது போனதுதான். அதற்கு விலையாக வேறு எதையாவது வாங்கலாம். அந்த வேறு எதையாவது, மொராக்கோ.

1903 மேயில் பிரிட்டிஷ் அரசர் ஏழாம் எட்வர்ட் பாரிஸ் போனார். முதல் நாள் கூட்டம் “மர்ஷான் வாழ்க” என்று கத்தியது. ஊரை விட்டுக் கிளம்பும்போது அவருக்கே வாழ்த்து. இதை வைத்து அரசரே நட்பை உண்டாக்கினார் என்று எழுதுவது வழக்கம். வேலை செய்தவர்கள் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் லான்ஸ்டவுனும் லண்டனில் இருந்த பிரெஞ்சுத் தூதர் பால் கம்போனும். அவர்களை அவசரப்படுத்தியது, 1904 பிப்ரவரியில் வெடித்த ரஷ்ய – ஜப்பான் போர். ஜப்பான் பிரிட்டனின் கூட்டாளி, ரஷ்யா பிரான்ஸின் கூட்டாளி. அவர்கள் சண்டையில் நாம் ஏன் மாட்டிக்கொள்ள வேண்டும் என்று இருவரும் பயந்தார்கள்.

ஏப்ரல் 8இல் கையெழுத்தான காகிதங்களில் ஜெர்மனியின் பெயரே இல்லை. பாக்கி வைத்த கணக்குகள்தான் இருந்தன. எகிப்தில் பிரிட்டனைத் தொந்தரவு செய்ய மாட்டோம். மொராக்கோவில் பிரான்ஸைத் தடுக்க மாட்டோம். சயாமில் (இன்றைய தாய்லாந்து) ஆற்றுக்கு இந்தப் பக்கம் எனக்கு, அந்தப் பக்கம் உனக்கு. எகிப்தியரையோ மொராக்கோக்காரரையோ சயாம்காரரையோ யாரும் மேசைக்குக் கூப்பிடவில்லை. பங்காளிகள் சமாதானமானது மூன்றாம் வீட்டு நிலத்தை வைத்து.

நியூஃபவுண்ட்லாந்துக் கரையில் மீன்பிடி உரிமையும் தீர்ந்தது. அது 1713இலிருந்து ஓடிவந்த வழக்கு. மீனைப் பிடித்துக் கரையில் காயவைக்கப் பிரெஞ்சுக்காரருக்கு உரிமை உண்டு. சரி, சிங்கி இறால் மீனா? அதை டப்பாவில் அடைப்பது காயவைப்பதாகுமா? 1880களில் இரண்டு வல்லரசுகளின் வெளியுறவு அலுவலகங்கள் இதைப் பற்றி முழு மூச்சாகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தன.

பஷோடாவை இப்போது வரைபடத்தில் காணோமே?

அந்தப் பெயரில் தேடினால் கிடைக்காது. தென் சூடானில், வெள்ளை நைலின் மேற்குக் கரையில், கோடோக் என்று போட்டிருக்கும். ஒப்பந்தம் கையெழுத்தான அதே 1904இல் பிரிட்டிஷார் ஊர்ப் பெயரை மாற்றினார்கள். புது நண்பருக்குப் பழைய பெயர் உறுத்துமாம்.